தோற்கும் அணியின் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போய், தன் ஊர்க் கழகம் உதைபந்தாட்டத்தில் தோற்பதைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த ஞாயிறும் போகிறான் என்றால் சனம் கேள்வி கேட்கத்தான் செய்யும். கலியாண வீட்டில் கேட்கிறார்கள், செத்த வீட்டில் கேட்கிறார்கள், சலூனில் கழுத்தில் கத்தி இருக்கும்போதும் கேட்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எந்தக் கழகம்? பெயரைச் சொல்லலாமே?

சொல்ல மாட்டேன். வலிகாமம் வடக்கில் ஒரு ஊர். செம்மண், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு வாசிகசாலை, பக்கத்தில் மைதானம். இந்த அடையாளம் எத்தனையோ ஊருக்குப் பொருந்தும், அது எனக்கு வசதி. பெயரைப் போட்டால் கழகத் தலைவர் வீட்டுக்கு வருவார். நல்ல மனுசன்தான், ஆனால் வந்தால் இரண்டு மணித்தியாலம் எழும்பமாட்டார்.

நான் கழகத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. விளையாடியதும் சொல்லும்படியாக இல்லை. மொத்தம் 2 போட்டி, இரண்டிலும் மாற்று வீரனாகக் கடைசிப் பத்து நிமிடம். என் இடம் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே. அந்த மரத்தின் கதை பின்னால் வரும்.

கடைசியாக எப்போது வென்றீர்கள்?

எதிரணி மைதானத்துக்கு வராமல் விட்டதால் கிடைத்த வெற்றியையும் சேர்த்தால், போன வருடம். அதைச் சேர்க்கக்கூடாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதற்சுற்றில் இலங்கை அணி சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மக்காவு அணியிடம் 1–0 என்று தோற்றது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, இரண்டாவது போட்டிக்கு மக்காவு அணி இலங்கைக்கு வரவில்லை. இலங்கைக்கு 3–0 என்று கொடுத்தார்கள். அடுத்த சுற்றுக்குப் போனது இலங்கைதான். நாட்டுக்கே பொருந்தும் கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாதா?

உண்மையில் ஓடி வியர்த்து வென்றது அதற்கு முந்தியது. அணிக்கு 9 பேர் கொண்ட ஒரு மின்னொளிச் சுற்றுப்போட்டி, முதல் சுற்று. முழு நேரம் முடிய 0–0. சமநிலை தவிர்ப்பு உதையில் எங்கள் பந்துக்காப்பாளர் தவறான பக்கம் பாய்ந்தார், பந்து அவருடைய காலில் பட்டு வெளியே போனது. வென்றுவிட்டோம். இரவு பத்தரை. சுவிஸில் இருக்கும் தம்பிக்கு உடனே எடுத்தேன். அந்த நேரத்தில் நான் ஒருநாளும் எடுப்பதில்லை. "அண்ணை, ஆருக்கு என்ன?" என்று பதறிவிட்டான். வென்றுவிட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உண்மையைச் சொல்லு, அம்மாவுக்கு என்ன?" என்றான்.

அதே இரவு பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் சுற்று நடந்தது. 5–0. அதைத் தம்பிக்கு நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஏன்தான் தோற்கிறீர்கள்?

செய்வினை, கண்ணூறு என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஒருமுறை கோல் கம்பத்தடியில் தேசிக்காய் வெட்டியும் பார்த்தார்கள். அன்று 4–1. காரணம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

முதலாவது, பெடியள் நிற்பதில்லை. பதினாறு வயதில் ஒருவன் நன்றாக விளையாடத் தொடங்கும்போது சாதாரண தரப் பரீட்சை வரும். அது முடிந்தால் உயர்தரம். ஞாயிறு பின்னேரம் ரியூசன். அதுவும் முடிந்தால் ஏஜென்சிக்குக் காசு கட்டிவிடுவார்கள். எங்கள் பழைய மத்திய களத்தில் பாதிப்பேர் இப்போது பாரிசில் இருக்கிறார்கள். லாச்சப்பலில் ஒரு கடை வாசலில் அவர்களைச் சேர்த்து நிறுத்தினால், இங்கே இருக்கும் அணியைவிடப் பலமான அணி வரும். மிஞ்சி நிற்கும் கெட்டிக்காரனைப் பெரிய கழகம் கூப்பிடும். போகாதே என்று எப்படிச் சொல்வது? அவனுக்கும் ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்க ஆசை இருக்காதா?

இரண்டாவது, பயிற்சிக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். அரை மைதானத்தில் குறுக்குமறுக்காக ஓடிப் பழகியவர்கள், போட்டியன்று முழு மைதானத்தில் நிற்கும்போது முதல் அரைமணி நேரம் புலிதான். கடைசி இருபது நிமிடத்தில் கால் சொல்வழி கேட்காது. நான் கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கமுள்ளவன். எங்களுக்கு விழும் கோல்களில் பெரும்பங்கு இடைவேளைக்குப் பிறகுதான். இடைவேளையில் 0–0 என்றால் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்றாவதைச் சொல்ல ஒரு போட்டி போதும். உதைபந்தாட்ட விதிப்படி ஒரு அணியில் 7 பேருக்குக் குறைந்தால் போட்டியைத் தொடங்கவோ தொடரவோ முடியாது. அன்று எங்களுக்கு 8 பேர் வந்தார்கள். ஒருவன் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டு வெளியே வந்தான். மிச்சம் ஏழு. அதில் ஒருவனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. வெளியே வா என்று எல்லோரும் கத்துகிறோம், அவன் வரவில்லை. தான் வந்தால் போட்டி நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் முப்பது நிமிடம் நின்றான். 6–0. போட்டி முடிந்து, எதிரணிப் பெடியள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் விட்டார்கள். அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் 6–0 என்பதால் விடுகிறேன்.

கரையோர அணிகள் மட்டும் ஏன் அவ்வளவு பலம்?

நாவாந்துறை, பாசையூர், குருநகர், மயிலிட்டி, இளவாலைப் பக்கம் என்று பார்த்தால் உதைபந்தாட்டம் அங்கே கோயில் திருவிழாவுக்குச் சமம். நடக்கத் தொடங்கிய பிள்ளை கடற்கரை மணலில் பந்தோடுதான் நிற்கும். மணலில் ஓடிய காலுக்குப் புல் என்ன, தரை என்ன. கடலுக்குப் போனவர்கள் விடிய வந்து, வலை தெரிந்து, மீனைக் கொடுத்துவிட்டுப் படுத்தெழும்பினால் பின்னேரம் அவர்களுடையது. தோட்டக்காரனுக்குப் பின்னேரம் தண்ணி மாறும் நேரம். வெங்காயத்தைக் காயவிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனால் அப்பா மண்வெட்டியோடு மைதானத்துக்கே வருவார்.

இதை நான் பல வருடம் சாட்டாகச் சொல்லிவந்தேன். மகள் ஒருநாள் மறித்துவிட்டாள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் பலமுறை சம்பியன். அதுவும் செம்மண்தான், அதுவும் வலிகாமம் வடக்குத்தான். "அவையளுக்குத் தோட்டம் இல்லையோ அப்பா?" என்றாள். அதற்குப் பிறகு வெங்காயக் கதையை வீட்டுக்கு வெளியில்தான் சொல்கிறேன்.

பேசாமல் வெல்கிற ஒரு அணிக்கு மாறிவிடலாமே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1990 ஜூனில் போரால் எங்கள் ஊர் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா இட்லிச் சட்டியைக்கூட எடுக்கவில்லை. ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. சனம் சிதறியது: மல்லாகத்துக் கோணப்புலம் முகாம், சுன்னாகம், உடுவில், தெரிந்தவர் அறிந்தவர் வீட்டுத் திண்ணைகள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. கழகத்தின் அன்றைய செயலாளர் பதிவுப் புத்தகத்தையும் ஒரு பந்தையும் உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். அந்தப் பந்துக்குக் காற்றில்லை. இருந்தும் எறியவில்லை.

பிறகு வந்த வருடங்களில் எங்கள் ஊரின் பெயர் மூன்று இடத்தில்தான் இருந்தது. குடும்ப அட்டையில், காணி உறுதியில், உதைபந்தாட்ட அணியின் பெயர்ப் பட்டியலில். முதல் இரண்டும் பெட்டிக்குள் கிடந்தன. மூன்றாவதை மட்டும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இன்னொருவருடைய மைதானத்தில், யாரோ ஒரு அமரரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டியில், வர்ணனையாளர் எங்கள் ஊர்ப் பெயரை இழுத்துச் சொல்லும்போது கிழவர்கள் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு எழும்பி நிற்பார்கள்.

அந்த ஞாயிறுகளில்தான் ஊர் கூடியது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், முகாமில் யாருக்குச் சுகமில்லை, காணி பதிய என்ன கடிதம் வேண்டும், எல்லாம் கோட்டுக்கு வெளியேதான் பேசி முடிந்தது. உள்ளே நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். என் பெரியம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது ஒரு 3–0 தோல்வியின் இடைவேளையில். போட்டி முடிந்த பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள், இருட்டும்வரை நிற்பார்கள். வென்ற அணியின் ஆட்கள் கிண்ணத்தோடு போய்விடுவார்கள், மைதானத்தில் கடைசியாக நிற்பது நாங்களாகத்தான் இருக்கும்.

போர் முடிந்த பிறகு காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகமே 2017 ஜூலையில்தான் வந்தது. எங்கள் மைதானமும் பிந்தித்தான் வந்தது. முதலில் கண்ணிவெடி பார்த்தார்கள், பிறகு பற்றை வெட்டினோம். கோல் கம்பங்கள் நின்ற இடத்தில் இரண்டு வேப்பமரம், இருபது வருடத்து மரம் போல. ஒன்றை வெட்டவேண்டி வந்தது. மற்றது புதிதாக அளந்த கோட்டுக்கு இரண்டு முழம் வெளியே இருந்ததால் தப்பியது. அந்த மரம்தான் நான் நிற்கும் மரம்.

சொந்த மைதானத்தில் நடந்த முதல் போட்டியில் 3–1 என்று தோற்றோம். எங்கள் ஒரு கோலை அடித்தவன் முகாமில் பிறந்த பெடியன். இந்த ஊரைத் தகப்பன் வாயால் மட்டும் கேட்டு வளர்ந்தவன். கோல் அடித்ததும் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

இனிச் சொல்லுங்கள், நான் நாவாந்துறை சென் மேரிஸுக்குப் போய்க் கைதட்டினால் அவர்களுக்கு என்ன லாபம்? அவர்களுக்குக் கைதட்ட ஒரு ஊரே இருக்கிறது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

மனுசி ஒன்றும் கேட்பதில்லை. படலை திறக்கும் சத்தத்திலேயே அவளுக்கு விளங்கிவிடும். "எத்தினை?" என்பாள். வெண்டதோ தோத்ததோ என்ற கேள்வியே எங்கள் வீட்டில் கிடையாது. ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கும் ஐயாவும் அப்படித்தான், பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே "எத்தினை தம்பி?" என்பார். மூன்றுக்குள் என்றால் "பரவாயில்லை" என்று ஒரு வடை கூட வைப்பார். அந்த மின்னொளி வெற்றியன்று நான் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, நான் எங்கேயோ கள்ளுக்குப் போய் வந்திருக்கிறேன் என்று மனுசி நினைத்தாள்.

மத்தியஸ்தரை ஏசலாமா?

ஏசலாம், அளவோடு. யாழ்ப்பாணம் சின்ன இடம். இன்றைக்கு ஓஃப்சைட் கொடுத்த மத்தியஸ்தர் நாளைக்கு உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருப்பார். 4–0 என்று தோற்கும்போது மத்தியஸ்தரைக் குறைசொல்வது வேறு வெட்கக்கேடு. ஒரு கோலால் தோற்றால் மட்டும் ஏசுங்கள்.

தோற்றால் "நாங்கள் தோற்றோம்" என்பதா, "அவங்கள் தோத்திட்டாங்கள்" என்பதா?

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்டது. 7 பல்கலைக்கழகங்களில், தங்கள் அணி சனிக்கிழமை வென்றால் திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்போடு வரும் மாணவர் தொகை கூடியது. (அது அமெரிக்கர்களின் கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அது கிடக்கட்டும்.) தொலைபேசியில் போட்டியைப் பற்றிக் கேட்டபோது, வெற்றியைச் சொல்கிறவர்கள் "நாங்கள்" என்று சொல்வது கூடுதலாகவும், தோல்வியைச் சொல்லும்போது குறைவாகவும் இருந்தது.

எங்கள் பேச்சில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். "வெண்டிட்டம்" என்பான், "தோத்துப்போட்டாங்கள்" என்பான். ஒரே ஆள், ஒரே கழகம். நான் ஊரில் வைத்திருக்கும் சோதனை இதுதான். தோற்ற பிறகும் ஒருவன் "தோத்துப்போட்டம்" என்றால் அவனுக்கு என் செலவில் பிளேன்ரீ. இதுவரை பெரிதாகச் செலவாகவில்லை.

கிரிக்கெட் இருக்கிறதே? யாழ்ப்பாணத்தின் பெயரில் வெல்லும் அணியே இருக்கிறதே?

இருக்கிறது. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ் அணி 2020, 2021, 2022, 2024 என்று 4 முறை கிண்ணம் எடுத்தது. முதல் முறை ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில், பிறகு ஜஃப்னா கிங்ஸ். யாழ் மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் பந்து போட வந்தபோது நானும் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்றேன். வடக்கின் பெரும் சமருக்கும் போவேன். 1904இல் தொடங்கிய போட்டி, மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில். கிரிக்கெட்டில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆனால் வெல்லும் அணிக்கு ரசிகனாக இருக்க ஒரு திறமையும் வேண்டியதில்லை, ரீவி ஒன்று போதும். ஜஃப்னா கிங்ஸ் வென்ற அன்று ஒழுங்கையெல்லாம் வெடி. வெடி கொளுத்தியவர்களில் எத்தனை பேர் அடுத்த நாள் வீட்டிலிருந்து 2 கிலோமீற்றரில் நடக்கும் எங்கள் போட்டிக்கு வந்தார்கள் என்று கேட்டால் எனக்கு வாய் நீளம் என்பார்கள்.

இலங்கைத் தேசிய அணிக்காவது ஆதரவு கொடுக்கலாமே?

ஆறுதல் தேடித்தானே கேட்கிறீர்கள்? அங்கே அது கிடையாது. 2015 மார்ச்சில் பூட்டான் வந்தது. பீபா தரவரிசையில் 209 நாடுகள், பூட்டான் 209ஆவது. கொழும்பில் 1–0, திம்புவில் 2–1, இரண்டிலும் தோற்றோம். கவனியுங்கள், "தோற்றோம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். பிறகு 2023 ஜனவரியில் பீபா இலங்கையைத் தடைசெய்தது, ஓகஸ்டில்தான் எடுத்தது. அந்த மாதங்களில் தோற்கவும் வழியில்லை.

இதே நாடு 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை மேலதிக நேரத்தில் 1–0 என்று வென்றது. யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்போம். அந்தப் போட்டியை நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒருமுறை வென்றார்கள், அதற்கும் டைனமோ சுற்ற ஆளில்லை. அதே வருடம் ஒக்டோபரில்தான் செம்மணியால் நடந்தோம்.

உலகத்தில் உங்களைவிட மோசமான அணி இருக்கிறதா?

இருக்கிறது, சொந்தக்காரர் புண்ணியத்தில் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் மகன் சொன்னது பெர்லினின் தாஸ்மானியா கழகம் பற்றி. 1965–66 பருவத்தில் முதல் பிரிவில் 34 போட்டி: 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி. அடித்தது 15, வாங்கியது 108. முதல் போட்டிக்கு எண்பதாயிரத்துக்கு மேல் சனம் வந்தது, அதில் வென்றும்விட்டார்கள். ஜனவரியில் அதே ஒலிம்பிக் அரங்கில் ஒரு போட்டிக்கு 827 பேர். எனக்கு 28 தோல்வியைவிட அந்த 827 பேரில்தான் மனம் நிற்கிறது. பெர்லின் ஜனவரிக் குளிரில் யார் அவர்கள்?

அந்தக் கழகம் தொடர்ந்து 31 போட்டியில் வெல்லாமல் சாதனை வைத்திருந்தது. 2021 ஜனவரியில் ஷால்க்க அணி 30 வரை வந்து, அடுத்த போட்டியில் 4–0 என்று வென்றுவிட்டது. தாஸ்மானியாவின் ஆட்களுக்குத் தங்கள் சாதனை போகவில்லை என்று சந்தோசமாம். எனக்கு அது நன்றாக விளங்குகிறது. எங்களிடம் உள்ள ஒரே சாதனையை இன்னொருவன் கொண்டுபோக விடுவதா?

சான் மரினோ என்ற சின்ன நாடு 2004 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைனை 1–0 என்று வென்றது. அடுத்த வெற்றி 2024 செப்டெம்பரில், அதே லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக, அதே 1–0. இடையில் 140 போட்டி. கோல் அடித்த சென்சோலிக்கு 19 வயது, முந்திய வெற்றியின்போது அவர் பிறந்திருக்கவே இல்லை. கனடாவில் இருக்கும் மச்சானுக்கு இந்தக் கதை பிடிக்காது. ஸ்காபரோவுக்குப் போனவன் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸைப் பிடித்துக்கொண்டான், அவர்கள் 1967இற்குப் பிறகு பெரிய கிண்ணத்தைத் தொடவில்லை. ஊரை விட்டுப் போனாலும் எங்கள் ஆட்களுக்கு ராசி கூடவே போகிறது.

முதன்முறை போட்டி பார்க்க வருகிறேன். என்ன கொண்டுவரவேண்டும்?

தொப்பி. வெள்ளை உடுப்பு வேண்டாம், செம்மண் ஏறினால் போகாது. வைகாசியிலிருந்து சோளகம் வீசும், அந்தக் காலத்தில் வந்தால் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். நாணயச் சுழற்சியில் வென்றால் எங்கள் அணித்தலைவர் எப்போதும் முதல் பாதிக்குக் காற்றின் பக்கத்தைக் கேட்பார். இரண்டாம் பாதியில் களைத்த கால்களோடு காற்றுக்கு எதிராக ஓடவேண்டும் என்பதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். வேப்பமரத்தடியில் நின்று சொல்வது உள்ளே கேட்பதில்லை.

கச்சான் விற்கும் அம்மா மூன்றரைக்கு வருவார். சில்லறை கொண்டுவாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறோம். கழகத்துக்கு என்ன அனுப்பலாம்?

தயவுசெய்து ஜேர்சி அனுப்பாதீர்கள். ஒரு அன்பர் தகப்பனாரின் நினைவாக 20 ஜேர்சி தைத்து அனுப்பினார். அளவை அங்கே வளர்ந்த தன் மகனுக்குப் போட்டுப் பார்த்து எடுத்திருக்கிறார் போல. எங்கள் பெடியள் போட்டால் முழங்காலுக்கு வந்தது. முதுகில் "அமரர்" என்று பெரிய எழுத்தில் இருந்தது, நம்பர் அதற்குக் கீழே சின்னதாக. ஒரு வருடம் முழுக்கப் பதினொரு அமரர்கள் ஓடுவதைப் பார்த்தோம். எதிரணிக்குச் சொல்லிச் சிரிக்க வேறு என்ன வேண்டும்?

பந்து அனுப்புங்கள். வலை அனுப்புங்கள். சப்பாத்து என்றால் முதலில் அளவைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, தூரப் போட்டிகளுக்கு வான் பிடிக்கக் காசு. பருத்தித்துறைப் பக்கம் போட்டி என்றால் மூன்று மோட்டார் சைக்கிளில் ஒன்பது பேர் போகிறார்கள், அதில் ஒன்று வழியில் நின்றுவிடும்.

பிள்ளைகளையும் இதற்குள் இழுக்கலாமா?

என் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிப்போனபோது எனக்கு ஆறு வயது. அன்று 4–0. திரும்பி வரும்போது ஐஸ்பழம் வாங்கித் தந்தார், அதனால் தோற்றால் ஐஸ்பழம் என்று கன நாள் நினைத்திருந்தேன். ஒரு முறை சமநிலையில் முடிந்ததும் நான் அழுதேனாம்.

மகன் வரமாட்டான். அவனுக்கு மான்செஸ்ரர் சிற்றி, போனில். மகள் வருவாள். போன வருடத்திலிருந்து பயிற்சிக்கும் போகிறாள், பெடியளோடு சேர்ந்து. இடதுகால். கோட்டுக்கு வெளியே நிற்கும் இரண்டு கிழவர்கள் முகம் சுளித்தார்கள். ஏழு பேர் சேராத கழகத்தில் முகம் சுளிக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்ததோ. அவளுக்குத் தோற்கப் பிடிக்காது. தோற்றால் ஒரு கிழமை என்னோடு கதைப்பதில்லை, நான்தான் கோல் விட்டது மாதிரி. இது எங்கள் பரம்பரையில் புதுக் குணம்.

திடீரென்று வெல்லத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்?

இதைக் கேட்டது மகள்தான். யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. வேப்பமரத்தடியில் இடம் கிடைக்காது, கச்சான் முடிந்துவிடும், கடை ஐயா வடையை நிறுத்திவிடுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "சும்மா இருங்கோ அப்பா, உங்களுக்குப் பயம்" என்றாள். இருக்கலாம்.

அடுத்த போட்டி எப்போது?

ஞாயிறு மூன்றரைக்கு என்று நோட்டீசில் இருக்கிறது, நாலரைக்குத்தான் தொடங்கும். சொந்த மைதானம். எதிரணி போன வருடம் எங்களுக்கு ஐந்து அடித்தது. இந்தமுறை பத்துப் பேர் உறுதி, பதினோராவது ஆள் ரியூசன் வகுப்பை மூன்று மணிக்கு முடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.